ஏன் போறீங்க என்று கேட்ட முதலாளி

போன மாதம் ஞாயிறு பூசை முடிந்ததும் எங்கள் பங்கு இளைஞர் மன்றத்துப் பிள்ளைகள் என்னை மாதா சொரூபம் வைத்த கெபியடியில் பிடித்துக்கொண்டார்கள். படித்து முடித்தவர்கள் ஏன் வெளிநாட்டில் போய் வேலை பார்க்க வேண்டும் என்று ஒரு கூட்டம் வைக்கிறார்களாம்.

"சவரி தாத்தா, நீங்கதான் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புற ஆபீஸ்ல அத்தனை வருஷம் இருந்தவரு. வந்து பத்து நிமிஷம் பேசுங்க" என்றாள் மன்றச் செயலாளர் பெண். அவள் கையிலிருந்த போனில் காரணங்கள் வரிசையாக இருந்தன. நல்ல சம்பளம், புது அனுபவம், பல நாட்டு மனிதர்களோடு பழக்கம், தன்னம்பிக்கை என்று வாசித்துக்கொண்டே போனாள்.

"எங்க காலத்துல இவ்வளவு கிடையாதும்மா. எல்லாருக்கும் ஒரே காரணம்தான்" என்றேன்.

"என்ன தாத்தா அது?"

"குடும்பக் கஷ்டம்."

பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு அந்தச் சிரிப்பு மனதில் நிற்கவில்லை, வேறு என்னவோ நின்றது. மேடையில் ஏற்றினால் பாடுவேன், பேச வராது. அதனால் பங்கு இதழுக்கே எழுதிக் கொடுத்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டேன். பத்தாம் வகுப்போடு நின்றவன் எழுத்து. பிழை இருந்தால் உபதேசியார் திருத்திக்கொள்ளட்டும்.

நான் முதலில் அரவை மில்லில் நெல் மூட்டை எடை போட்டுக்கொண்டிருந்தேன். காவிரியில் தண்ணீர் சரியாக வராத வருஷங்களில் மில்லுக்கு நெல் வருவது குறைந்தது, எனக்கும் வேலை குறைந்தது. தஞ்சாவூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஒரு ஜவுளிக்கடை மாடியில், வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் ஆபீசில் ஆள் வேண்டும் என்றார்கள். டைப்பிங் கற்றுக்கொண்டேன். பாஸ்போர்ட், மெடிக்கல், சான்றிதழ் அட்டெஸ்டேஷன், எமிகிரேஷன் முத்திரை எல்லாம் ஒவ்வொன்றாகக் கையில் படிந்தன. இரண்டு மழைக்காலம் போவதற்குள் வேலை முழுக்கத் தெரிந்துவிட்டது. மாதாவின் கிருபை என்றுதான் சொல்வேன்.

முதலாளி அமீது பாய். அதிராம்பட்டினத்துக்காரர். வெள்ளை முழுக்கைச் சட்டை, வெள்ளைக் கைலி, மேசையில் ஒரு சின்ன அத்தர் குப்பி. சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. பகல் பன்னிரண்டுக்குக் கோயில் மணி அடித்தால், எவ்வளவு கூட்டம் இருந்தாலும், "சவரி, உங்க மணி அடிச்சிருச்சு" என்பார். நான் ஓரமாக நின்று திரிகால ஜெபம் சொல்லி முடிக்கும்வரை மேசையில் எதையும் தொடமாட்டார். அவர் தொழப் போனால் நான் வருகிறவர்களை உட்கார வைத்திருப்பேன். இப்படித்தான் எங்களுக்குள் ஓடியது.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. வேறு எந்த ஆபீசிலும் நான் பார்க்காத வழக்கம். யார் பாஸ்போர்ட்டைக் கொண்டுவந்து கொடுத்தாலும் அதைத் திறக்கமாட்டார். மேசையில் குப்புற வைத்து, அதன்மேல் உள்ளங்கையை வைத்துக்கொள்வார். கூட வந்த அப்பாவையோ மாமாவையோ, "கீழ நல்ல டீ கிடைக்கும், சாப்பிட்டுட்டு வாங்க" என்று அனுப்பிவிடுவார். பிறகு அந்தப் பிள்ளையிடம் கேட்பார்:

"ஏன் போறீங்க?"

அவ்வளவுதான். அவர்கள் பதில் சொல்லும்வரை கை எடுக்கமாட்டார்.

பதில் எல்லாரிடமும் ஒன்றுதான். குடும்பக் கஷ்டம் சார். அக்கா கல்யாணம் சார். அப்பாவுக்கு உடம்பு முடியல சார். பாதிப் பேருக்கு அது உண்மை. மீதிப் பேர் சொல்வது உண்மைதானா என்று பாய் அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். சந்தேகம் வந்தால், "யோசிச்சிட்டு வாங்க, அவசரமில்ல" என்று பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். ஆபீஸ் வருமானத்துக்கு எதிராக நடக்கிற காரியம்போலப் பட்டு எனக்கு முதலில் கோபம்கூட வரும்.

ஒருநாள் கேட்டேவிட்டேன். "பாய், அவங்க எதுக்குப் போனா நமக்கு என்ன?"

"சவரி, எங்க ஊர்ல வெளிநாட்டுப் பொழைப்புக்குப் போறதை சபர்னு சொல்லுவோம். போறவன் சபராளி. தெருவுல எல்லாரும் சபராளி, நானும் போனேன். வாலிபம் பூரா அங்கதான். ஏன்டா போறேன்னு என்னை ஒருத்தரும் கேக்கல. கேட்டிருந்தா போயிருக்க மாட்டேன்னு சொல்லல. ஆனா கேட்டிருக்கலாம்ல?"

நான் குனிந்து டைப்ரைட்டரில் அடுத்த தாளைச் சொருகினேன்.

அந்த நாட்களில் எங்கள் பக்கத்தில் இன்ஜினியரிங் காலேஜும் பாலிடெக்னிக்கும் தெருவுக்கு ஒன்றாக முளைத்தன. படித்த பிள்ளைகள் கூட்டமாக வந்தார்கள். அவர்களோடு ஒரு வேடிக்கையான வியாதியும் வந்தது. அதற்கு 'ஏதோ' என்று நாங்கள் பெயர் வைத்திருந்தோம்.

குமரேசன் என்று பேராவூரணிப் பையன். டிப்ளமா முடித்துவிட்டு மாமா பட்டறையில் வெல்டிங் செய்தவன். அவன் ஒட்டிய இரும்பில் ஒட்டு எங்கே இருக்கிறது என்று விரலால் தடவினாலும் தெரியாது. கம்பெனியிலிருந்து வெளிநாட்டுக்காரர் வந்திருந்தார். முதலில் வாய்ப் பரீட்சை, அதில் தேறினவனைத்தான் கையால் வெல்டிங் செய்து காட்டச் சொல்வார்கள். மெட்ராஸிலிருந்து வந்த மொழிபெயர்ப்பாளர் கேட்டார், "வெல்டிங் தெரியுமா?"

"ஏதோ கொஞ்சம் தெரியும் சார்."

மொழிபெயர்ப்பாளர் ஒரு எழுத்து குறையாமல் இங்கிலீஷில் சொல்லிவிட்டார். வெளிநாட்டுக்காரர் பெயருக்கு நேரே கோடு இழுத்துவிட்டார். கொஞ்சம் தெரிந்தவன் அவருக்கு எதற்கு?

வெளியே வந்தவனை நான் பிடித்து உலுக்கினேன். "ஏன்டா அப்படிச் சொன்ன?"

அவன் என்னை விசித்திரமாகப் பார்த்தான். "நல்லா தெரியும்னு நானே எப்படிண்ணே சொல்றது? பாத்துட்டு அவருல்ல சொல்லணும்!"

பாய் உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். "நீங்க அவரைப் பாக்கவே விடலையே தம்பி" என்றார்.

குமரேசன் மட்டுமல்ல, எல்லாரும் அப்படித்தான். நம் ஊரில் ஒருவன் வீடு கட்டி முடித்தால் "ஏதோ கட்டியிருக்கோம்" என்பான். முப்பது பேருக்கு மணக்க மணக்கச் சமைத்துப் போட்டவள் "ஏதோ பண்ணினேன், சாப்பிடுங்க" என்பாள். கேட்பவனுக்கும் அதன் அர்த்தம் தெரியும். கடல் தாண்டி வந்தவனுக்கு எப்படித் தெரியும்?

அதன்பிறகு இன்டர்வியூவுக்கு முந்தின சனிக்கிழமைகளில் ஒரு வகுப்பு வைத்தோம். நான்தான் வெளிநாட்டுக்காரன் மாதிரி எதிரில் உட்கார்ந்து கேள்வி கேட்பேன். யாராவது 'ஏதோ' என்று ஆரம்பித்தால் மேசையில் தட்டுவேன். தெரியும் என்று அடித்துச் சொல்லு, எக்ஸலண்ட் என்று சொல்லு என்று சொல்லிக் கொடுத்தேன்.

ஆனால் எனக்கு உள்ளுக்குள் உறுத்தல். தாழ்ச்சி என்பது சின்ன வயதிலிருந்து ஞானோபதேசத்தில் படித்தது. பெருமை பாவம். இந்தப் பிள்ளைகளுக்கு நான் பெருமை பேசக் கற்றுக்கொடுக்கிறேனே என்று பங்குச் சாமியாரிடம் போய்ச் சொன்னேன். அவர் கேட்டார், "போன திருவிழாப் பூசையில நீ பாடின பாட்டை எல்லாரும் நல்லாருக்குன்னு சொன்னாங்களே, நீ என்ன பதில் சொன்ன?"

"ஏதோ பாடினேன் சாமின்னு சொன்னேன்."

"வாரம் பூரா ஒத்திகை பாத்தியே, தெருவே தூங்கல. அப்ப ஏதோ பாடினேன்னா அது என்ன? உள்ளதைச் சொல்றதுதான்யா தாழ்ச்சி. குறைச்சுச் சொல்றது பொய்."

எனக்கு நிம்மதியாக இருந்தது. ஆனால் நான் கொடுத்த பயிற்சி வேறு பக்கம் கவிழ்ந்தது. பி.காம். படித்த ராஜதுரை என்ற பையன் ஸ்டோர் கீப்பர் வேலைக்கு வந்திருந்தான். அந்த வாரம் வந்தவர் அரபிக்காரர். எல்லாக் கேள்விக்கும் 'வெரி வெல் சார்' என்று சொல்லிக்கொண்டே வந்த வேகத்தில், அரபி தெரியுமா என்று கேட்டதற்கும் 'வெரி வெல் சார்' என்றுவிட்டான். அவர் முகம் மலர்ந்து அரபியில் ஆரம்பித்துவிட்டார். ராஜதுரைக்குத் தெரிந்தது பாய்க்கு வணக்கம் சொல்கிற ஒரே வார்த்தை. அவர் என்ன கேட்டாலும் "அஸ்ஸலாமு அலைக்கும்" என்றான். நாலாவது தடவை அவர் எழுந்தே நின்று பதில் சலாம் சொன்னார். பாய் அன்று சிரித்த சிரிப்பில் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியதாயிற்று.

சிரித்து முடித்ததும் என்னைக் கூப்பிட்டார். "சவரி, வகுப்பை மாத்துவோம். தெரியுமான்னு கேட்டா தெரியும்னும் சொல்ல வேணாம், தெரியாதுன்னும் சொல்ல வேணாம். என்ன செஞ்சிருக்காங்களோ அதைச் சொல்லட்டும். இந்த பைப்பை ஒட்டினேன், இந்தக் கணக்கை முடிச்சேன்னு. அதுல பெருமையும் இல்ல, பொய்யும் இல்ல."

கடைசிவரை எங்கள் ஆபீசில் அதுதான் பாடம். எனக்கு அது சாட்சி சொல்வது போலத் தோன்றும். கண்டதைச் சொல்லு, செய்ததைச் சொல்லு. மற்றதை எதிரில் இருப்பவர் பார்த்துக்கொள்ளட்டும்.

இனி நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

ஒருநாள் ஒரத்தநாட்டுப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி வந்தார், பெயர் கோவிந்தராசு. கூடவே அவர் மூத்த மகள் வளர்மதி. பி.எஸ்ஸி. நர்சிங் படித்துவிட்டு தஞ்சாவூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில், குறைமாதத்தில் பிறந்த பச்சைக்குழந்தைகளை வைத்திருக்கிற வார்டில் வேலை பார்த்தாள். வளைகுடாவில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு நாங்கள் அப்போது நர்சுகள் எடுத்துக்கொண்டிருந்தோம்.

பாய் வழக்கம்போல "கீழ டீ..." என்று ஆரம்பித்தார். கோவிந்தராசு நாற்காலியைவிட்டு அசையவில்லை.

"டீ இருக்கட்டும் பாய். நான் வந்தது வேற விஷயம். இவ வெளிநாடு போறேன்னு ஒத்தக்கால்ல நிக்குறா. நீங்கதான் புத்தி சொல்லணும், வேணாம்னு."

"நான் அனுப்புறவன்ங்க. என்கிட்டயே வந்து அனுப்பாதேன்னு சொல்லச் சொல்றீங்களே!"

"நீங்க போய்ப் பாத்தவரு. நீங்க சொன்னா கேப்பா. எனக்கு என்ன குறை? கல்லணைக் கால்வாய்ப் பாசனத்துல சொந்த நிலம் இருக்கு. போர் இருக்கு. மகன் சர்க்கார் வேலையில இருக்கான். பொண்ணை வெளிநாட்டுக்கு அனுப்பினா ஊர்ல என்ன சொல்லுவான்? கோவிந்தராசு நொடிச்சுப் போயிட்டான்னு சொல்லுவான். நான் மண்வெட்டியைத் தூக்கிக்கிட்டு எப்படித் தெருவுல நடக்கிறது?"

ஒருவழியாக அவரை வெளியே பெஞ்சில் உட்கார வைத்தேன். எங்கள் ஆபீஸ் அறைக்கு அரைக்கதவுதான். உள்ளே பேசுவது வெளியே கேட்கும். பாய் பாஸ்போர்ட்டைக் குப்புற வைத்துக் கையை வைத்தார்.

"ஏம்மா போறீங்க?"

அவள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "தங்கச்சி கல்யாணத்துக்கு சார்."

"உன் தங்கச்சி கல்யாணத்துக்கு நான் என்ன செத்தா போயிட்டேன்?" வெளியிலிருந்து குரல் வந்தது.

"உள்ள வந்து பேசுங்கய்யா, சுவருக்கு அந்தப் பக்கம் இருந்துக்கிட்டு எதுக்கு" என்றார் பாய். அவர் உள்ளே வரவில்லை. வளர்மதியின் கழுத்துவரை சிவந்துவிட்டது.

பாய் பாஸ்போர்ட்டைத் திருப்பி நீட்டினார். "இது உங்க காரணம் இல்லம்மா. யாரோ சொன்னதை எடுத்துக்கிட்டு வந்திருக்கீங்க. இன்டர்வியூக்கு இன்னும் நாள் இருக்கு. யோசிச்சுட்டு வாங்க."

மாடிப்படியில் அப்பா முன்னால் இறங்கினார், மகள் நாலு படி பின்னால் இறங்கினாள். எனக்கு அந்தப் பெண்ணை நினைத்துப் பாவமாக இருந்தது. கஷ்டப்பட்ட வீட்டுப் பிள்ளையாக இருந்தால் ஊரே "போய்ட்டு வாம்மா" என்று சொல்லியிருக்கும். கஷ்டம் இல்லாத வீட்டில் பிறந்தது அவளுக்குக் குறுக்கே நின்றது. அப்பா மானம் போகாமல் சொல்ல அவளுக்கு ஒரு காரணமும் இல்லை. அன்று சாயங்காலம் ஜெபமாலையில் ஒரு அருள்நிறை மந்திரம் அவளுக்காகச் சொன்னேன். அவள் போக வேண்டும் என்றா, போக வேண்டாம் என்றா? எனக்கே தெரியவில்லை. வழி காட்டு தாயே என்று மட்டும் சொன்னேன்.

அடுத்த வாரம் டியூட்டி முடிந்த உடுப்போடு வந்தாள். அப்பாவும் வந்திருந்தார். இந்தத் தடவை அவரே பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

பாஸ்போர்ட்டை வாங்கிக் குப்புற வைத்துக் கையை வைத்துக்கொண்டு, "சொல்லும்மா" என்றார் பாய்.

"சொன்னா சிரிப்பீங்க சார்."

"சிரிச்சா சிரிச்சுட்டுப் போறோம்."

அவள் தன் கைகளைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "எங்க வார்டு நிறையக் குழந்தைங்க இருக்கும் சார். நான் ஒருத்தி, இன்னொரு சிஸ்டர் இருந்தா உண்டு. ஒரு குழந்தைக்குக் குழாய் வழியா பால் விட்டுக்கிட்டு இருப்பேன். சொட்டுச் சொட்டாத்தான் விடணும். பாதியில இன்னொரு குழந்தைக்கு மெஷின் கத்தும். இதை நிறுத்திட்டு அங்க ஓடுவேன். அங்க பாத்துக்கிட்டு இருக்கறப்ப மூணாவது. எந்தக் குழந்தையையும் நான் கைவிட்டது இல்ல சார். ஆனா எந்தக் குழந்தையையும் முழுசாப் பாத்ததும் இல்ல. எங்க சீனியர் ஒரு அக்கா அங்க இருக்காங்க. அங்க ஒரு நர்சுக்கு ஒரு குழந்தையாம். ஒரே ஒரு குழந்தையை, டியூட்டி ஆரம்பிச்சதுலேர்ந்து முடியுறவரைக்கும் பக்கத்துலயே இருந்து பாத்துக்கிட்டா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியணும். நான் படிச்ச வேலையை ஒருதடவை முழுசாச் செஞ்சு பாக்கணும்."

பாய் கையை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இதை வீட்டுல சொன்னா புத்தி பேதலிச்சுப் போச்சான்னு கேப்பாங்க. அதான் தங்கச்சி கல்யாணம்னு..."

"சம்பளம்?" என்றார் பாய்.

"அதுவும்தான் சார். வேணாம்னு சொன்னா பொய்யாயிடும்."

"போயிட்டு இங்கயே திரும்பி வந்துடுவீங்களா?"

"தெரியல சார்."

பாய் கையை எடுத்து, பாஸ்போர்ட்டை நிமிர்த்தித் திறந்தார். அத்தனை வருஷத்தில் அவர் அவ்வளவு மெதுவாக ஒரு பாஸ்போர்ட்டைத் திறந்து நான் பார்த்ததில்லை.

அப்போதுதான் அரைக்கதவைத் தள்ளிக்கொண்டு கோவிந்தராசு உள்ளே வந்தார். மகளைப் பார்க்காமல் பாயைப் பார்த்துப் பேசினார்.

"இவ சொல்றது முறைத் தண்ணி மாதிரில்ல இருக்கு."

பாய்க்குப் புரியவில்லை. கடற்கரை ஊர்க்காரர். நான்தான் விளக்கினேன். ஆற்றில் தண்ணீர் குறைந்தால் எல்லா வாய்க்காலுக்கும் சேர்த்துத் திறக்கமாட்டார்கள். முறை வைத்து, இந்த வாய்க்காலுக்குச் சில நாள், அடைத்துவிட்டு அந்த வாய்க்காலுக்குச் சில நாள் என்று விடுவார்கள்.

"எல்லா வயலும் நனையும்" என்றார் கோவிந்தராசு. "எதுவும் நிறையாது. இந்த மடையை அடைச்சு அந்த மடையைத் திறந்துன்னு ராப்பகலா மண்வெட்டியோட அலைவோம். பயிரும் சாகாது, பொழைச்சதுன்னும் சொல்ல முடியாது. பாக்குறவனுக்கு மனசே ஆறாது பாய்." கொஞ்சம் நிறுத்தி, "இவ பச்சைப் புள்ளைங்களை வச்சுக்கிட்டு அப்படி அலையுறான்னு எனக்குத் தெரியாது" என்றார்.

சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "நான் யோசிக்கணும்" என்று இறங்கிப் போய்விட்டார்.

இன்டர்வியூ ஒரு லாட்ஜின் மீட்டிங் ஹாலில் நடந்தது. அந்த ஆஸ்பத்திரியின் தலைமை நர்ஸே வந்திருந்தார். வெள்ளைக்கார அம்மா வருவார் என்று நினைத்தோம், வந்தது ஒரு மலையாளி அம்மா. வயதானவர், கறாரானவர். உள்ளே போன பெண்கள் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார்கள். சான்றிதழ்களை எடுத்துக் கொடுப்பதற்காக நான் அந்த அம்மாவின் பக்கத்தில் நின்றேன்.

வளர்மதி வந்து உட்கார்ந்தாள். இங்கிலீஷில் கொஞ்சம் கேட்டுவிட்டு, அந்த அம்மா மலையாளம் கலந்த தமிழுக்கு வந்தார்.

"ப்ரீமெச்சூர் பேபிக்கு ஐ.வி. போட அறியுமோ?"

வளர்மதியின் உதடு பிரிந்தது. 'ஏ' என்ற எழுத்து வந்துவிட்டது என்றே நினைத்தேன். என் கை தானாக மேசையைத் தட்டப் போனது. அவள் வாயை மூடி, ஒரு மூச்சு எடுத்தாள்.

"ஒரு கிலோவுக்குக் குறைச்சலா இருந்த குழந்தைக்குப் போட்டிருக்கேன் மேடம். முதல் தடவை கிடைக்கல, நரம்பு ஒடஞ்சிடுச்சு. ரெண்டாவது தடவை கால்ல போட்டேன். கிடைச்சுது."

அந்த அம்மா தலையைத் தூக்கிப் பார்த்தார். அங்கே இருக்கிற ஏதோ ஒரு புது மெஷின் பெயரைச் சொல்லிக் கேட்டார்.

"தொட்டது இல்ல மேடம். புத்தகத்துல படம் பாத்திருக்கேன்."

"பின்ன எதுக்கு அங்க வரணும் உனக்கு?"

"அங்க ஒரு நர்சுக்கு ஒரு குழந்தைதான்னு சொன்னாங்க மேடம்."

"ஆரு சொன்னது? ரெண்டு! ஒண்ணெல்லாம் இல்ல."

வளர்மதி ஒரு நிமிஷம் கணக்குப் போடுகிற மாதிரி இருந்துவிட்டுச் சொன்னாள். "ரெண்டு போதும் மேடம்."

கறார் அம்மா சிரித்துவிட்டார். தேர்வானவர்களின் பாஸ்போர்ட்டை வலதுபக்கம் அடுக்கச் சொல்லியிருந்தார்கள். அவர் தன் கையாலேயே எடுத்து வலதுபக்கம் வைத்தார்.

ஆனால் காரியம் அதோடு முடியவில்லை. பெண்பிள்ளையை அனுப்புவதென்றால் வீட்டிலிருந்து பெற்றவர் மனதார வந்து வண்டி ஏற்ற வேண்டும் என்பது பாயின் சட்டம். சர்க்கார் சட்டமல்ல, அவருடையது. "வீட்டைப் பகைச்சுக்கிட்டுப் போறவளுக்கு அங்க ஒரு நாள் காய்ச்சல் வந்தா யாருக்கு போன் பண்ணுவா?" என்பார். விசா வந்தது, டிக்கெட் வந்தது. கோவிந்தராசுவிடமிருந்து ஒரு வார்த்தையும் வரவில்லை. "அப்பா சாப்பிடுறாரு, வயலுக்குப் போறாரு, என்கிட்ட மட்டும் பேச மாட்டேங்குறாரு சார்" என்றாள் வளர்மதி. அவர் வராவிட்டால் டிக்கெட்டைக் கேன்சல் செய்ய வேண்டியதுதான் என்று பாய் அவளிடம் சொல்லியேவிட்டார். அவளும் தலையாட்டினாள்.

அந்த நாட்களில்தான் இந்தக் காரணம் என்கிற விஷயத்தை நான் உட்கார்ந்து யோசித்தேன். நம் ஊரில் ஒருவன் தனக்காக ஒன்று வேண்டும் என்று சொன்னால் அது பேராசை மாதிரிக் கேட்கிறது. அதையே தங்கச்சிக்காக என்றால் தியாகம். அதனால் ஆசை உள்ளவனும் கஷ்டத்தைச் சொல்லிக்கொண்டு போகிறான். போன இடத்தில் பொழுது விடிந்து வேலைக்குக் கிளம்பும்போது, சொல்லிவிட்டு வந்த காரணம் அவனை எழுப்பிவிடாது, உண்மையான காரணம்தான் எழுப்பும். அது என்னவென்று அவனே ஒருநாளும் வாய்விட்டுச் சொல்லிப் பார்க்காமல் இருந்தால்? ஆண்டவர் நமக்குக் கொடுத்த திறமையை வைத்து ஒரு வேலையை முழுசாகச் செய்து பார்க்க வேண்டும் என்று நினைப்பது பேராசையா? அப்படி எனக்குத் தோன்றவில்லை. அவள் சொன்னதைக் கேட்ட பிறகு தோன்றவில்லை.

கிளம்புகிற நாள் வந்தது. திருச்சி ஏர்போர்ட்டுக்கு வேன் எங்கள் ஆபீஸ் வாசலிலிருந்து புறப்படும். கம்பெனி வேலைக்குப் போகிற நாலைந்து பையன்களும் அதே வண்டியில் போக வேண்டியவர்கள். வளர்மதி அம்மாவோடும் அண்ணனோடும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து இறங்கினாள். சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். அப்பா இல்லை. பாய் என்னைப் பார்த்தார். நான் ஆகிறது ஆகட்டும் என்று பெட்டிகளை ஏற்றலாம் என வேனின் கதவை இழுத்தேன்.

ஜன்னல் ஓர சீட்டில் கோவிந்தராசு உட்கார்ந்திருந்தார். வெளுத்த வேட்டி, தோளில் துண்டு.

"எப்பங்க வந்தீங்க?"

"முத பஸ்ஸுக்கே வந்துட்டேன். அப்புறம் இடம் கிடைக்காதுல்ல" என்றார், டவுன் பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடித்தவர் மாதிரி. வளர்மதி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பாய் வெளியே நின்று மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

நானும் வேனில் கூடப் போனேன். வல்லம் தாண்டியதும் முன்சீட்டில் இருந்த ஒரு பையனின் அப்பா திரும்பினார். நல்ல மனிதர்தான், பொழுதுபோகக் கேட்டார். "நீங்க நிலபுலன் உள்ளவங்க மாதிரித் தெரியுது. பொம்பளப் புள்ளையை இவ்வளவு தூரம் அனுப்புறீங்களே, என்னங்க கஷ்டம்?"

வளர்மதி ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

"கஷ்டமெல்லாம் ஒண்ணும் இல்லீங்க" என்றார் கோவிந்தராசு. "அவளுக்குப் போகணும்னு இருக்கு. போறா."

கேட்டவர் முன்பக்கம் திரும்பிக்கொண்டார். பின்னால் இருந்த ஒரு இன்ஜினியர் பையன் சிரித்துவிட்டான். "அண்ணே, நான் ஆபீஸ்ல தங்கச்சி கல்யாணம்னு சொன்னேன்ல? எனக்குத் தங்கச்சியே கிடையாதுண்ணே. கடல் நடுவுல கட்டடம் கட்டுறாங்களாம். அதைப் பாக்கணும்."

"அடப்பாவி! பாய்கிட்டயே பொய் சொன்னியா?" என்றேன்.

"அவருக்குத் தெரியும்ணே. மூணு தடவை திருப்பி அனுப்புனாரு. நாலாவது தடவை அதையே அழுதுகிட்டே சொன்னேன், விட்டுட்டாரு."

வேன் முழுக்கச் சிரிப்பு. இன்னொருவன், மாமியாருக்குப் பயந்துதான் போகிறேன் என்றான். ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். எது உண்மை, எது கிண்டல் என்று தெரியவில்லை. கடைசி சீட்டில் ஒரு பையன் மட்டும் சிரிக்காமல் இருந்தான். சத்தம் கொஞ்சம் அடங்கியதும் மெதுவாகச் சொன்னான்.

"எனக்குக் கஷ்டம்தாங்க."

கோவிந்தராசு உடம்பைத் திருப்பி அவனைப் பார்த்தார். "அதுல என்ன தம்பி? உள்ளதைத்தானே சொல்றீங்க" என்று சொல்லி, மனைவியிடமிருந்த பையை வாங்கி அதிலிருந்த புளிச்சோற்றுப் பொட்டலத்தை முதலில் அவனுக்கு நீட்டினார்.

ஏர்போர்ட்டில் டிக்கெட் உள்ளவர்கள் மட்டும் உள்ளே. வளர்மதி அப்பா காலைத் தொட்டுக் கும்பிட்டாள். அவர் அவள் தலையில் கை வைத்தார். அவள் கண்ணாடிக் கதவைத் தாண்டி, வரிசையில் நின்று, திரும்பிப் பார்த்து, மறுபடி திரும்பிப் பார்த்து, உள்ளே மறைந்தாள். நான் எனக்குள் ஒரு பரலோக மந்திரம் சொல்லிச் சிலுவை போட்டுக்கொண்டேன்.

அவள் அம்மாவையும் அண்ணனையும் வேனுக்குக் கூட்டிப்போனேன். கோவிந்தராசு மட்டும் வரவில்லை. திரும்பிப் போய்ப் பார்த்தால், கண்ணாடிக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் போய் நின்றேன்.

"சவரி" என்றார். "அந்த மலையாளத்து அம்மா ரெண்டு புள்ளைங்கன்னு சொன்னதா வீட்டுல பேசிக்கிட்டாங்க, நெசந்தானே? அதுக்கு மேல குடுக்க மாட்டாங்கள்ல?"

"குடுக்க மாட்டாங்க. ரெண்டுதான்."

"ரெண்டுன்னா பாத்துக்குவா" என்றார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு என்னோடு வேனுக்கு நடந்தார்.